பாட்டிக்கு வாயில் வெள்ளை, அம்மாவுக்கு இடுப்பில் படர்தாமரை: இரண்டுக்கும் ஒரே மருந்து போதுமா?

பந்தலூர்க்காரன் கேட்டது:

வணக்கம். எங்களுக்குப் பந்தலூர் பக்கம் தோட்டத்து லைன் வீடு. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். ஜூனில் மழை பிடித்ததிலிருந்து அவருக்கு இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சிவந்திருக்கிறது. நடுவில் தோல் ஓரளவு சரியாக இருக்கிறது, ஓரம் மட்டும் பொரிப்பொரியாகத் தடித்துக்கொண்டு அரிக்கிறது. மழைக்கு இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கிறார், வெளியே மழை, உள்ளே வேர்வை. கால் விரல் இடுக்கிலும் தோல் வெள்ளையாக ஊறிச் சேற்றுப்புண் வந்திருக்கிறது.

கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றது, சரி போய்விட்டது என்று நிறுத்தினால் ஒரு வாரத்தில் முன்பைவிடப் பெரிதாக வந்தது. மறுபடி அதே டியூப், மறுபடி அதே கதை. இப்போது தொடை வரை இறங்கிவிட்டது. டியூப்பில் பெக்லோமெத்தசோன், குளோட்ரிமசோல், நியோமைசின் என்று மூன்று பெயர் இருக்கிறது.

பாட்டிக்கு வேறு பிரச்சினை. இளைப்புக்கு புடெசோனைடு இன்ஹேலர் இழுக்கிறார், சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார், மேல் வரிசை முழுக்கப் பல்செட். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. எரிகிறது என்று ரசம் சாதத்தைக்கூடத் தள்ளி வைத்துவிடுகிறார். அவருக்கு குளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா டியூப்பிலும் குளோட்ரிமசோல், பாட்டி பாட்டிலிலும் குளோட்ரிமசோல், பக்கத்து வீட்டு அக்கா வைத்திருக்கும் கிரீமிலும் அதே பெயர். அப்படியென்றால் எல்லாம் ஒன்றுதானா? இதற்கு நடுவில், ஃப்ளூகோனசோல் மாத்திரை வாங்கி இரண்டு பேருக்கும் கொடுத்துவிடு, உள்ளிருந்தே கொன்றுவிடும் என்கிறார் ஒருவர். இன்னொருவர் டெர்பினாஃபின், மற்றொருவர் இட்ராகோனசோல், லூலிகோனசோல் என்கிறார். எது எதற்கு? இரண்டு பேரையும் கூடலூர் கூட்டிப் போய் வர அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் விவரம் தெரிந்துகொண்டு போகலாம் என்று கேட்கிறேன்.

கோத்தகிரி மலர்:

அந்த மூன்று கலந்த டியூப் எங்கள் வீட்டிலும் எப்போதும் இருக்கும். அரிப்பு, கொப்புளம், பூச்சிக்கடி எதுவாக இருந்தாலும் அதுதான், உடனே கேட்கும். விட்டுவிட்டுப் போடாமல் தொடர்ந்து ஒரு மாதம் போடச் சொல்லுங்கள். சீமை அகத்தி இலை கிடைத்தால் அரைத்துப் பூசலாம், எங்கள் பாட்டி காலத்து வைத்தியம்.

குன்னூர் மருந்தாளுநர்:

மலர் அக்கா, மன்னிக்கணும், அந்த டியூப்பை ஒரு மாதம் தொடர்ந்து போடுவதைப் போலக் கெடுதல் வேறு இல்லை. தம்பி, முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், மற்றது எல்லாம் அப்புறம்.

பெக்லோமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்குவது பூஞ்சை மட்டும் இல்லை, அதை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் சண்டையும்தான். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். அரிப்பு நின்றதும் நமக்குச் சரியானது போல இருக்கும், ஆனால் எதிர்க்க ஆள் இல்லாத இடத்தில் பூஞ்சை சந்தோஷமாகப் பரவும். கூடவே இருக்கும் குளோட்ரிமசோல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும். நியோமைசின் பாக்டீரியாவுக்கானது, படர்தாமரைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, சிலருக்கு அதுவே அலர்ஜி ஆகும். இப்படி மாதக்கணக்கில் பூசினவர்களைக் கவுண்டருக்கு வெளியிலிருந்தே எனக்கு அடையாளம் தெரியும். வட்டம் வட்டமாக இருக்காது, ஓரம் மழுங்கி, ஒரே பரப்பாகக் கருத்துப்போய், தொடை இடுக்கில் தோல் சிகரெட் தாள் மாதிரி மெலிந்து, பிரசவத் தழும்பு போல வரி விழுந்திருக்கும். பூஞ்சை போனாலும் அந்த வரி போகாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018-ல் மத்திய அரசு சேர்த்தது. அதற்குப் பிறகும் கேட்டவுடன் எடுத்து நீட்டுகிற கடைகள் இருக்கின்றன என்பது எங்கள் தொழிலுக்கே அவமானம், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

டியூப் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். பெயர் 'சோன்' என்று முடிந்தாலோ (பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்), குளோபிட்டசால் என்று இருந்தாலோ அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்குப் பூஞ்சை மருந்து ஒன்று மட்டும் இருக்கிற டியூப் போதும்.

இப்போது உங்கள் கேள்வி. பூஞ்சை என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் அம்மாவுக்கு வந்திருப்பதும் பாட்டிக்கு வந்திருப்பதும் வேறு வேறு இனம். படர்தாமரையும் பெரும்பாலான சேற்றுப்புண்ணும் தோல், முடி, நகத்தில் இருக்கும் கெரட்டினைத் தின்று வாழும் பூஞ்சையால் வருபவை. வாயில் வருவது கேண்டிடா, ஈஸ்ட் இனம், சாதாரணமாகவே நம் வாயிலும் குடலிலும் கொஞ்சம் இருப்பது, இடம் கிடைத்தால் பெருகிவிடும். ஒன்றுக்கு நன்றாகக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

டெர்பினாஃபினை எடுத்துக்கொள்ளுங்கள். படர்தாமரைப் பூஞ்சையை அது வளரவிடாமல் தடுப்பதோடு நிற்காமல் கொன்றே விடும், அதனால்தான் சேற்றுப்புண்ணுக்கு டெர்பினாஃபின் 1% கிரீம் ஒரு வாரம் போட்டாலே பலருக்குச் சரியாகிறது. ஆனால் கேண்டிடாவுக்கு அது பலவீனம், வாய்க்கு அதை யாரும் எழுத மாட்டார்கள். நிஸ்டாட்டின் நேர் எதிர். கேண்டிடாவுக்கு அருமையான மருந்து, படர்தாமரைக்கு ஒன்றுமே செய்யாது. குடலிலிருந்து ரத்தத்தில் ஏறாது என்பதால் மற்ற மாத்திரைகளோடு மோதாது, பத்து மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு அது பெரிய நிம்மதி. (எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் 1950-ல் ஒரு பண்ணை மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டுபிடித்த மருந்து அது. அதில் வந்த உரிமைத் தொகையை இருவரும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். எனக்கு இந்த மருந்தின் மேல் தனி மரியாதை உண்டு.)

குளோட்ரிமசோல், மைக்கோனசோல், லூலிகோனசோல், ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் எல்லாம் ஒரு குடும்பம். எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இல்லாமல் பூஞ்சையின் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு நிற்காது, அதைத் தயாரிக்கவிடாமல் இவை தடுக்கும். குளோட்ரிமசோல் இரண்டு இனத்துக்குமே வேலை செய்வதால்தான் கிரீமிலும் மவுத் பெயிண்டிலும் அதே பெயரைப் பார்க்கிறீர்கள். மருந்து ஒன்றுதான், சேர்மானம் வேறு. கிரீமை வாயில் தடவக் கூடாது, மவுத் பெயிண்டை இடுப்பில் தடவிப் பயனில்லை. லூலிகோனசோல் 1% கிரீம் படர்தாமரைக்கு நல்லது, ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், விலைதான் கூட.

கிரீம் எதுவானாலும் வட்டத்துக்குள் மட்டும் தடவாதீர்கள், ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியேயும் தடவ வேண்டும், பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் அங்கேதான் முன்னேறிக்கொண்டிருக்கும். தோல் பார்க்கச் சரியான பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

ஆனால் அம்மாவுக்குத் தொடை வரை வந்துவிட்டது என்கிறீர்கள், ஸ்டீராய்டும் போட்டிருக்கிறீர்கள், கிரீம் மட்டும் போதாமல் மாத்திரை தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்று, சில வாரம் சாப்பிட்டால் படர்தாமரை போய்விடும். இப்போது நம் நாட்டில் அதற்குக் கட்டுப்படாத ஒரு வகை பரவியிருக்கிறது. 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். அதனால் தோல் டாக்டர்கள் பலரும் இட்ராகோனசோல் எழுதுகிறார்கள். ஃப்ளூகோனசோல் கேண்டிடாவுக்குத்தான் கெட்டிக்காரன், படர்தாமரைக்கு அவ்வளவு நம்ப முடியாது.

இட்ராகோனசோல் எழுதிக் கொடுத்தால் ஒரு விஷயம். கேப்சூலைத் திறந்து பார்த்தால் உள்ளே கடுகைவிடச் சின்ன மணிகள் இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்கினால்தான் அது உடம்பில் சேரும், வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சரியாகச் சேராது, அம்மா பேன்டப்ரசோல் போல ஏதாவது சாப்பிட்டால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மணிகளின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, அதனால் இந்த மாதம் ஒன்று அடுத்த மாதம் ஒன்று என்று மாற்றி வாங்காதீர்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் கூடாது. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை சிலவற்றோடு சேர்ந்தால் தசையைப் பாதிக்கும்.

அப்புறம் முக்கியமானது, பாட்டிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ளூகோனசோல், கிளிமெபிரைடு உடம்பிலிருந்து கழிவதைத் தாமதப்படுத்தும், சுகர் திடீரென்று இறங்கும், ராத்திரியில் வேர்த்து மயங்கிக் கிடந்தால் யாருக்கும் தெரியாது. இட்ராகோனசோலோ அவர் இழுக்கும் புடெசோனைடோடு மோதும், இன்ஹேலரில் இருக்கும் கொஞ்ச ஸ்டீராய்டு ரத்தத்தில் தேங்க ஆரம்பிக்கும். ஒரே மாத்திரையை இரண்டு பேருக்கும் கொடு என்று சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் உங்கள் வீட்டில் அது ஆபத்து.

ஓய்வு பெற்ற தோட்டத்து நர்ஸ்:

மருந்தைப் பற்றி அவர் சொன்னது எல்லாம் சரி, நான் பாட்டியின் வாயைப் பற்றிச் சொல்கிறேன்.

சுத்தமான துணியை விரலில் சுற்றி அந்த வெள்ளையை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள் தம்பி. துடைத்தால் வந்து, அடியில் செக்கச் செவேலென்று இருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடாதான். துடைத்தும் வராமல் தோலோடு தோலாக ஒட்டியிருந்தால், அதுவும் பாட்டிக்கு வெற்றிலை புகையிலை பழக்கம் இருந்தால், மவுத் பெயிண்ட் போட்டு நாள் கடத்தக் கூடாது, பல் டாக்டரோ காது மூக்கு தொண்டை டாக்டரோ பார்த்தாக வேண்டும். நம் லைன்களில் மழையில் குளிருக்கு என்று புகையிலையை அடக்கி வைக்காத கன்னம் குறைவு. வாய்ப்புண் என்று விட்டுவிட்டு, புற்றாகி முற்றின பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கேண்டிடா என்றே வைத்துக்கொண்டால், அது ஏன் வந்தது என்று பார்க்காமல் மருந்து மட்டும் போட்டால் திரும்ப வரும். பாட்டிக்கு மூன்று காரணம் ஒன்றாக இருக்கிறது. முதலாவது, இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு வாயில் படிவது. இழுத்த பிறகு தண்ணீர் விட்டுத் தொண்டை வரை கொப்பளித்துத் துப்புகிறாரா? துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. ஸ்பேசர் என்று ஒரு குப்பி இருக்கிறது, அதை மாட்டி இழுத்தால் மருந்து நாக்கில் படிவது குறைந்து நெஞ்சுக்குள் நன்றாகப் போகும். ஆனால் வாய் எரிகிறது என்பதற்காக இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், இந்தக் குளிரில் இளைப்பு வந்தால் அது பெரிய கஷ்டம்.

இரண்டாவது பல்செட். அதோடு தூங்குகிறாரா என்று கேளுங்கள். நிறையப் பேர் கழற்றவே மாட்டார்கள், ஆள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கம். மேல் செட்டைக் கழற்றி அண்ணத்தைப் பாருங்கள், செட் உட்காரும் இடம் மட்டும் அச்செடுத்தாற்போல் சிவந்திருந்தால் அங்கேயும் பூஞ்சைதான், அங்கே வெள்ளை தெரியாது. ராத்திரி கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். மவுத் பெயிண்ட் தடவும்போதும் செட்டைக் கழற்றிவிட்டுத்தான் தடவ வேண்டும், சாப்பிட்ட பிறகு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, தடவி அரை மணி நேரம் டீ கூடக் குடிக்கக் கூடாது. நிஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தால் வாயில் நன்றாகச் சுழற்றி வைத்திருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் நிஸ்டாட்டினும் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம், ஒன்றையொன்று கெடுத்துவிடும், நடுவில் இடைவெளி விடுங்கள். மூன்றாவது சுகர். மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி எடுத்து எவ்வளவு நாளாயிற்று?

அம்மாவுக்கு: மருந்து பாதி, ஈரம் போவது பாதி. ஆடி மாதத்தில் நம் பக்கம் எந்தத் துணி காய்கிறது? அடுப்பு மேல் கயிற்றில் போட்டாலும் பாவாடை நாடாவுக்குள்ளும் ஜாக்கெட் தையலிலும் ஈரம் நிற்கும், அந்த நாடாதான் மறுநாள் அதே இடத்தில் உரசுகிறது. வெந்நீரில் துவைத்து, காய்ந்த பிறகு நாடாவையும் தையலையும் அழுத்தி இஸ்திரி போடுங்கள். பிளாஸ்டிக் தாளை நேராகத் தோலில் படாமல் ஒரு பருத்தித் துணிக்கு மேல் கட்டச் சொல்லுங்கள். கம்பூட்ஸை வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்துப் போடாமல் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும், இரண்டாவது ஜோடி சாக்ஸை மதியச் சாப்பாட்டோடு கொடுத்தனுப்புங்கள். துண்டு, சீப்பு, போர்வை எதையும் பங்கு போட வேண்டாம். உங்களுக்கு ஏதாவது இருந்தால் நீங்களும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

மலர், சீமை அகத்தி படர்தாமரைக்குப் பழங்காலத்திலிருந்தே பூசுவதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டீராய்டு போட்டு மெலிந்த தோலில் பச்சிலையை அரைத்துப் பூசினால் வெந்துவிடும். விட்ஃபீல்டு களிம்பும் (பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த பழைய பூஞ்சைக் களிம்பு) அப்படித்தான், நாங்கள் டிஸ்பென்சரியில் பெரிய ஜாடியில் வைத்துக் காலுக்குத் தாராளமாகக் கொடுப்போம், தடித்த பாதத்துக்கு இன்றைக்கும் நல்ல மருந்து, மலிவு. தொடை இடுக்கில் போட்டால் துடித்துவிடுவார்கள்.

கோத்தகிரி மலர்:

சரி சிஸ்டர், டியூப்பை எடுத்துப் பார்த்தேன், எங்களுடையதிலும் 'சோன்' இருக்கிறது. ஒதுக்கி வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம், என் பையனுக்கு முதுகில் தேமல் இருக்கிறது, அதற்கும் இந்த டெர்பினாஃபின் மாத்திரை கேட்குமா?

குன்னூர் மருந்தாளுநர்:

கேட்காது அக்கா. தேமல் மலசீசியா என்ற வேறு ஈஸ்ட், டெர்பினாஃபின் மாத்திரை அங்கே வேலை செய்வதில்லை. கீட்டோகோனசோல் 2% ஷாம்புவை முதுகில் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவச் சொல்வார்கள். பூஞ்சை போன பிறகும் வெளிறிய நிறம் திரும்ப மாதக்கணக்காகும், அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கீட்டோகோனசோல் ஷாம்புவும் கிரீமும் பயமில்லை, மாத்திரையாக மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈரலைக் கெடுக்கிறது என்று 2013-லேயே ஐரோப்பாவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

பந்தலூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாட்டி வாயைத் துடைத்துப் பார்த்தேன் சிஸ்டர், வெள்ளை வந்துவிட்டது, அடியில் சிவப்பு. செட்டை ராத்திரியும் கழற்றுவதில்லையாம், அண்ணமும் நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது. புகையிலையை எப்போதோ விட்டுவிட்டார். அம்மாவின் டியூப்பை நிறுத்திவிட்டோம், ஆனால் நிறுத்தியதும் அரிப்பு தாங்க முடியவில்லை என்கிறார், என்ன செய்வது? வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிப் போகிறேன். அதுவரை அக்காவிடம் இருக்கும் வெறும் குளோட்ரிமசோல் கிரீமைப் போடலாமா? தோலைச் சுரண்டி ஏதோ டெஸ்ட் எடுப்பார்கள் என்கிறார்களே, வலிக்குமா?

குன்னூர் மருந்தாளுநர்:

ஸ்டீராய்டை நிறுத்தினதும் சில நாள் சிவப்பும் அரிப்பும் கூடத்தான் செய்யும், அதைக் கண்டு பயந்து மறுபடி அந்த டியூப்புக்குப் போகாமல் இருப்பதுதான் இப்போது அம்மா செய்ய வேண்டியது. அரிப்புக்கு செட்ரிசின் ராத்திரி ஒன்று போடலாம், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால். தூக்கம் வரும், காலையில் சரிவில் ஏறி வேலை செய்கிறவர் என்பதால் பகலில் வேண்டாம்.

வெள்ளி வரை எந்தப் பூஞ்சைக் கிரீமும் போட வேண்டாம். சுரண்டல் டெஸ்ட் வலிக்காது, ஓரத்துப் பொரியை மழுங்கின கத்தியால் லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். மருந்து தடவிக்கொண்டே போனால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வந்துவிடும். தேங்காய் எண்ணெய், பவுடர்கூட அன்றைக்கு வேண்டாம். இதுவரை போட்ட டியூப், பாட்டில் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாட்டி மவுத் பெயிண்டை நிறுத்த வேண்டாம், அவருக்கு டாக்டர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஓய்வு பெற்ற தோட்டத்து நர்ஸ்:

பாட்டியின் இன்ஹேலரையும் அந்தப் பையில் போடுங்கள், டாக்டர் முன்னாலேயே ஒரு முறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் இழுக்கும் முறையே தப்பாக இருக்கும். பல்செட்டை மாட்டியே கூட்டிப் போங்கள். அது தளர்ந்து உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும், தளர்ந்திருந்தால் அண்ணம் ஆறவே ஆறாது, பல் டாக்டரிடம் சரிசெய்ய வேண்டியிருக்கும். சுகர் ரத்தம் வெறும் வயிற்றில் எடுப்பதாக இருந்தால் பாட்டி காலை கிளிமெபிரைடைச் சாப்பிடாமல் கையில் கொண்டு வரட்டும், ரத்தம் கொடுத்துவிட்டு டிபனோடு சாப்பிட்டால் போதும்.